மோசமான சாலைக்கு ஒரு இன்ச் சின்ன வீல்: மாற்றுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சத்தியமங்கலத்திலிருந்து தாளவாடிப் பக்கம் வாரத்துக்கு இரண்டு முறையாவது போய்வர வேண்டிய வேலை எனக்கு. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில்கூடச் சிரமம் தெரியாது. மேலே ஏறியபின் ஊர்களுக்குள் பிரிகிற சாலைகளில்தான் கார் குலுங்கும். ஒருநாள் பின்சீட்டில் வந்த அம்மா, "தூக்கித் தூக்கிப் போடுது கண்ணு, இடுப்பு விட்டுப்போச்சு" என்று சொன்னபிறகுதான் வீலை மாற்றும் எண்ணம் வந்தது.

என்னுடையது ஒரு ஹாட்ச்பேக், உயர் வேரியண்ட். 195/55 ஆர்16 டயரும் அலாய் வீலும் கம்பெனியிலேயே போட்டு வந்தவை. "ஒரு இன்ச் குறைச்சுட்டா சரியாயிருங்ணா" என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி 15 இன்ச் பழைய அலாய் வீல்களும் அவற்றுக்கு 195/55 ஆர்15 டயர்களும் வாங்கினேன். செலவு 34,000 ரூபாய். குலுக்கல் குறையவில்லை. அதோடு, முன்பு தட்டாத வேகத்தடைகளில் அடி தட்ட ஆரம்பித்தது. இரண்டு மாதத்தில் அவற்றை 19,000 ரூபாய்க்கு விற்றுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அந்த 15,000 ரூபாயும் இரண்டு மாதமும் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் காற்றைப் பாருங்கள்

ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்பு இதைச் செய்யுங்கள். காலையில், வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். பல காற்றடிக்கும் இடங்களில் எந்தக் கார் வந்தாலும் 35, 36 பிஎஸ்ஐ என்று அடித்துவிடுகிறார்கள். ஓடிச் சூடான டயரில் அளந்தாலும் கணக்கு தப்பும். டயரின் வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸ் கூடினாலே அழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ ஏறிவிடும். ஸ்டிக்கரில் உள்ளதைவிட 4 பிஎஸ்ஐ கூடுதலாக வைத்துக்கொண்டு 'சஸ்பென்ஷன் கட்டையாக இருக்கிறது' என்று நினைப்பவர்கள் நிறைய.

அடுத்து ஷாக் அப்சார்பர், புஷ், லிங்க் ராடு ஆகியவற்றைத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருந்தாலோ 'டொக்கு டொக்கு' என்று சத்தம் வந்தாலோ அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தும் சின்னச் சின்னப் பள்ளம்கூட முதுகில் தெரிகிறது என்றால் மேலே படியுங்கள்.

2. குறைய வேண்டியது வீல் இல்லை, கூட வேண்டியது ரப்பர்

நான் சறுக்கிய இடம் இதுதான்.

டயரில் 195/55 ஆர்16 என்று இருந்தால் 195 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் 55 விழுக்காடு, அதாவது டயரின் பக்கச்சுவர் உயரம். கடைகளில் இதைச் சைடுவால் என்பார்கள். 16 என்பது வீலின் விட்டம், இன்ச்சில். பள்ளத்தில் விழும்போது முதலில் அமுங்கிக்கொடுப்பது இந்தப் பக்கச்சுவர்தான். அது உயரமாக இருந்தால் அதிர்ச்சியின் ஒரு பங்கு அங்கேயே அடங்கிவிடும். குட்டையாக இருந்தால் அப்படியே மேலே ஏறும், சில சமயம் வீலையே நசுக்கும்.

ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

என் பழைய டயர் 195/55 ஆர்16. 195இல் 55 விழுக்காடு 107.25 மி.மீ. இதுதான் பக்கச்சுவர். 16 இன்ச்சை 25.4ஆல் பெருக்கினால் 406.4 மி.மீ. மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர் சேர்த்தால் டயரின் மொத்த விட்டம் 620.9 மி.மீ.

நான் ஏமாந்த 195/55 ஆர்15. பக்கச்சுவர் அதே 107.25. ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை! மொத்த விட்டமோ 595.5க்கு இறங்கிவிட்டது. கார் தரையிலிருந்து 12.7 மி.மீ. தாழ்ந்துவிட்டது. வேகமானி 100 காட்டும்போது உண்மை வேகம் 96தான். ஓடாத கிலோமீட்டரையும் மீட்டர் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தது.

சரியான அளவு 185/65 ஆர்15. பக்கச்சுவர் 120.25, மொத்த விட்டம் 621.5. பழையதற்கும் இதற்கும் விட்டத்தில் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம், ஆனால் ரப்பர் 13 மி.மீ. கூடுகிறது. கார் தாழவில்லை, மீட்டர் பொய் சொல்லவில்லை.

ஆகவே வீலில் ஒரு இன்ச் குறைத்தால் பக்கச்சுவரில் அரை இன்ச், அதாவது 12.7 மி.மீ. அளவுக்கு ஏற்ற வேண்டும். மொத்த விட்டம் பழையதிலிருந்து ஒரு விழுக்காட்டுக்கு மேல் விலகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு விழுக்காட்டைத் தாண்டும் எதையும் நான் போடமாட்டேன். "அப்படியானால் வீலை மாற்றாமல் டயரை மட்டும் உயரமாகப் போட்டால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். 195/60 ஆர்16 போட்டால் விட்டம் 640.4 ஆகிறது, 3 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதல். வேகமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது உள்ளே உரசவும் வாய்ப்பு உண்டு. வேண்டாம்.

3. விடை உங்கள் டிக்கிக்குள்ளேயே இருக்கலாம்

எந்தக் கடைக்கும் போகும் முன், டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பாருங்கள். சில மாடல்களில் உயர் வேரியண்ட்டிலும் ஸ்டெப்னியாகக் கம்பெனி வைத்திருப்பது கீழ் வேரியண்டின் இரும்பு டிஸ்க்கும் (இரும்பு வீலைக் கடைகளில் இப்படித்தான் சொல்வார்கள்) டயரும்தான். என் காரில் அப்படித்தான் இருந்தது: 15 இன்ச் இரும்பு டிஸ்க், 185/65 ஆர்15 டயர். நான் கோவைக்கும் ஈரோட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தபோது விடை டிக்கிக்குள்ளேயே விரிப்புக்குக் கீழே இருந்தது.

ஸ்டெப்னி அப்படி இல்லையென்றால், கையேட்டில் டயர் அளவுப் பக்கத்தைப் பாருங்கள். ஒரே மாடலுக்குக் கம்பெனி கொடுக்கும் எல்லா அளவுகளும் அங்கே இருக்கும். கதவுத் தூண் ஸ்டிக்கரிலும் பெரும்பாலும் இரண்டு அளவுகள் இருக்கும். உங்கள் காரின் கீழ் வேரியண்ட்டுக்குக் கம்பெனியே போடும் அளவைத் தேர்ந்தெடுங்கள். பொறியாளர்கள் சோதித்துப் பார்த்த அளவு அது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். கீழ் வேரியண்ட் அளவுக்குப் போனால் எல்லாக் காரிலும் ஒரே பலன் கிடைக்காது. ஸ்விஃப்டில் 185/65 ஆர்15 கொண்ட வேரியண்ட்டிலிருந்து 165/80 ஆர்14க்கு வந்தால் பக்கச்சுவர் 120லிருந்து 132 மி.மீ. ஆகிறது, விட்டம் கிட்டத்தட்ட அதேதான். நல்ல மாற்றம். க்ரெட்டாவில் 215/60 ஆர்17லிருந்து 205/65 ஆர்16க்கு வந்தால் பக்கச்சுவர் 129லிருந்து 133தான் ஆகிறது, கார் 8 மி.மீ. தாழ்கிறது. 4 மி.மீ. ரப்பருக்காக அவ்வளவு பணம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் காருக்கு எந்தக் கணக்கு என்பதை இரண்டாம் படியில் சொன்னபடி நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

4. பிரேக் இடிக்காமல் உட்காருமா?

வீலுக்குள்ளே, பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் இருக்கிறது. உயர் வேரியண்ட்டுக்கோ டீசலுக்கோ பெரிய பிரேக் டிஸ்க் கொடுத்திருந்தால் சின்ன வீல் அதில் இடிக்கும். வாங்கும் முன் ஒரு வீலை, டயர் இல்லாமலேயே, முன்பக்கம் மாட்டிக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. செய்யமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

இன்னும் நான்கு பொருத்தம் வேண்டும். முதலாவது பிசிடி: போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும். மாருதியின் பல ஹாட்ச்பேக்குகளில் 4×100, க்ரெட்டாவில் 5×114.3. இரண்டாவது நடு ஓட்டை. இது ஹப்பில், அதாவது வீல் மாட்டப்படும் அச்சு முனையில், கச்சிதமாக உட்கார வேண்டும். பெரிதாக இருந்தால் 80 கிலோமீட்டருக்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் போகாது. என் முதல் பழைய அலாய் வீல்களில் அந்த நடுக்கமும் இருந்தது. மூன்றாவது ஆஃப்செட்: வீலின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. இது மாறினால் வீல் வெளியே துருத்தும் அல்லது உள்ளே உரசும். நான்காவது நட்டின் வடிவம். பெரும்பாலான கார்களில் கூம்பு முனை நட்டு, ஹோண்டாவில் உருண்டை முனை. கூம்புக்கான வீலில் உருண்டை நட்டைப் போட்டு முறுக்கினால் பிடித்த மாதிரித் தோன்றும், ஓட ஓடக் கழன்றுவிடும். உயிர் போகும் விஷயம் இது, தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

அதே மாடலுக்கான கம்பெனி இரும்பு டிஸ்க்கையே வாங்கினால் பிசிடி, நடு ஓட்டை, ஆஃப்செட் மூன்றும் தானாகவே சரியாகிவிடும். நட்டை மட்டும் உதிரிபாகக் கவுண்ட்டரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

5. இரும்பா, அலாயா?

மோசமான சாலைதான் காரணம் என்றால் இரும்பு டிஸ்க்தான் என் தேர்வு. பள்ளத்தில் விழுந்தால் இரும்பு நெளியும், அலாய் விரிசல் விடும். நெளிந்த டிஸ்க்கைச் சின்ன ஊர் டயர் கடையிலும் பெண்டு எடுத்துக் கொடுப்பார்கள். விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வைத்து ஓட்டுவதை நான் ஒப்பமாட்டேன். எடையைப் பொறுத்தவரை 15 இன்ச் இரும்பு 16 இன்ச் அலாயைவிட லேசாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுகம் வருவது ரப்பரிலிருந்துதான். பார்வைக்கு அழகு குறையும், உண்மை. வீல் கப் போட்டால் ஓரளவு சரியாகும்.

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில், புதுக்கார் வாங்கியவர்கள் கழற்றிக் கொடுத்த இரும்பு டிஸ்க்குகள் மலிவாகக் கிடைக்கும். வாங்கலாம். ஆனால் பேலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுற்றவிட்டு, விளிம்பு ஆடாமல் ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்தபிறகு பணம் கொடுங்கள். பழைய அலாய் என்றால் உள்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். பெயின்ட் புதிதாக இருந்தால் அதற்கடியில் வெல்டிங் இருக்கலாம்.

6. டயர் வாங்கும்போது

சுமைக் குறியீடு பழைய டயருக்குக் கீழே போகக்கூடாது. 195/55 ஆர்16இல் வழக்கமாக 87 இருக்கும், ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்று பொருள். 185/65 ஆர்15இல் 88, அதாவது 560 கிலோ. பக்கத்தில் இருக்கும் எழுத்து வேகத்துக்கானது: டி (T) என்றால் 190 கி.மீ., எச் (H) என்றால் 210. காரின் கையேடு சொல்வதற்குக் குறையாமல் வாங்குங்கள்.

தயாரிப்புத் தேதி பக்கச்சுவரில் நான்கு இலக்கமாக இருக்கும். 1425 என்றால் 2025ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். நான்கு டயரிலும் பாருங்கள், கடைக்காரர் காட்டுகிற ஒன்றில் மட்டும் அல்ல. ஆறு மாதத்துக்குள் தயாரானதைக் கேட்டு வாங்கலாம்.

'எக்ஸ்ட்ரா லோடு' அல்லது 'எக்ஸ்எல்' என்று பொறித்த டயரின் பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும். உறுதியானதுதான், ஆனால் நாம் தேடுகிற மென்மை அதில் குறைந்துவிடும். "இதுதாங்ணா ஸ்ட்ராங்கு" என்று அதையே எடுத்து வைப்பார்கள். உங்கள் காருக்குக் கம்பெனி அதைக் கேட்கவில்லை என்றால் சாதாரண வகையே போதும்.

7. எவ்வளவு ஆகும், எப்போது செய்வது

என் இரண்டாவது முயற்சியின் பில்: நான்கு இரும்பு டிஸ்க் 8,800, நான்கு டயர் 20,800, மாட்டும் கூலி, வால்வு, பேலன்சிங், அலைன்மெண்ட் எல்லாம் சேர்த்து 1,600. மொத்தம் 31,200 ரூபாய். ஸ்டெப்னி ஏற்கெனவே அதே அளவு என்பதால் ஐந்தாவது வாங்கவில்லை. உங்கள் ஸ்டெப்னி பெரிய அளவு என்றால் ஐந்தாகக் கணக்கிடுங்கள். டயர் பிராண்டையும் ஊரையும் பொறுத்து இது ஏறும், இறங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் 18 போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பின்னாளில் டயர் மாற்றும்போதும் 15 இன்ச், 16 இன்ச்சைவிட மலிவாகவே எனக்குக் கிடைத்தது.

நல்ல நேரம் எது என்றால், இப்போதுள்ள டயர் தேய்ந்து முடியும் தறுவாய். காருக்குச் சட்டப்படி டயரின் குறைந்தபட்சக் காடி (தரையில் படும் பரப்பில் உள்ள பள்ளக்கோடு) ஆழம் 1.6 மி.மீ. காடிக்குள்ளே இருக்கும் சின்ன மேடு டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். எப்படியும் வாங்கப்போகிற டயர்தானே, கூடுதல் செலவு டிஸ்க்குக்கு மட்டும்தான். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பரிலேயே முடித்துவிட்டால் தண்ணீர் நிறைந்த பள்ளங்களுக்கு முன் வண்டி தயாராகிவிடும்.

டிஸ்க்குக்குக் கம்பெனி உதிரிபாகக் கவுண்ட்டரில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எனக்கு எட்டு நாள் ஆனது. மாட்டும் வேலை இரண்டு மணி நேரம்தான்.

8. காகிதங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்தும் ஆர்சி விவரங்களிலிருந்தும் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. கம்பெனி அதே மாடலுக்குக் கொடுக்கும் அளவிலேயே நிற்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கையில் இருக்க வேண்டியவை: கையேட்டின் டயர் அளவுப் பக்கம், கதவுத் தூண் ஸ்டிக்கர் ஆகிய இரண்டின் படமும் செல்போனில். ஜிஎஸ்டி எண்ணும் நான்கு டயரின் வரிசை எண்களும் எழுதிய பில். டயர் உத்தரவாத அட்டை. "பில் வேண்டாம்னா 500 குறைச்சுக்கலாம்" என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், பக்கச்சுவரில் புடைப்பு வந்தால் பில் இல்லாமல் யாரிடமும் போய் நிற்க முடியாது.

கார் வாரண்டிக்குள் இருந்தால் அடுத்த சர்வீஸில் புது அளவை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். வெளியில் வாங்கிய அலாய் என்றால் அதைத் துணைப்பொருளாகப் பாலிசியில் சேர்த்தால்தான் பணம் கிடைக்கும். வழக்கமான பாலிசியில் காருக்கு வேறு சேதம் இல்லாமல் டயர் மட்டும் போனால் ஒன்றும் வராது என்பதையும், சேர்ந்து சேதமானால் டயர் விலையில் பாதிதான் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். மஞ்சள் போர்டு வண்டி என்றால் எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது கையேட்டின் படம் கட்டாயம் உதவும்.

9. மாட்டும் நாளும் அதன் பிறகும்

நட்டுகளை ஏர் கன்னில் முறுக்கிவிட்டு அப்படியே அனுப்புவார்கள். கடைசி முறுக்கை டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் ஸ்பேனர்), கையேட்டில் உள்ள அளவுக்கு, எதிரெதிர் நட்டாக முறுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை முறுக்கிப் பாருங்கள். எனக்கு ஒரு நட்டு கால் சுற்று இறங்கியது.

காற்றின் அளவை, டயர் மாட்டுகிறவர் கணக்குக்கு விடாமல், புது அளவுக்கு ஸ்டிக்கர் சொல்லும் அழுத்தத்தை வையுங்கள். டயர் அழுத்த எச்சரிக்கை வசதி உள்ள கார் என்றால் சென்சார்களைப் புது வீலுக்கு மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டும். முதல் 200 கிலோமீட்டர் புது டயர் கொஞ்சம் வழுக்கும், மழையில் திடீர் பிரேக் வேண்டாம்.

இனி ஓட்டம். சின்னக் கல், ஒட்டுப்போட்ட தார், பாலத்து இணைப்பு இவற்றின் குத்தல் நன்றாகக் குறைந்தது. பெரிய குழியில் விழுந்தால் விழுந்ததுதான், அதற்கு எந்த டயரும் மருந்து இல்லை. வளைவுகளில் கார் முன்பைவிடக் கொஞ்சம் சாய்கிறது, ஸ்டியரிங்கை ஒடித்த கணத்துக்கும் மூக்கு திரும்பும் கணத்துக்கும் நடுவே ஒரு சிறு தாமதம். திம்பத்தில் முதல் இரண்டு பயணம் மெதுவாக இறங்கினேன், பிறகு கை பழகிவிட்டது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போவதுதான் உங்களுக்குப் பெரும்பகுதி ஓட்டம் என்றால் பழைய வீலே இருக்கட்டும்.

கழற்றிய அலாய்களை உடனே விற்றுவிடாதீர்கள். காரை விற்கும் நாளில் அவை இருந்தால் மதிப்பு கூடும். பழைய டயர்களோடு இருந்தால் காற்றைப் பாதியாக இறக்கி, வெயில் படாத இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து மூடி வையுங்கள்.

ஸ்டெப்னியை மறக்க வேண்டாம். அளவு ஒன்றாக இருந்தாலும் அதன் டயர் காரின் வயதுடையது. என்னுடையதன் தயாரிப்புத் தேதி ஐந்து வருடம் தாண்டியிருந்தது, அதனால் புது டயரோடு ஒரே அச்சில் வைத்து நீண்ட தூரம் ஓட்டுவதில்லை. பஞ்சர் ஒட்டும் கடைவரை போக மட்டும் வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை அதற்கும் காற்றுப் பார்க்கிறேன்.